பச்சை மீசை வைத்த கிறிஸ்துமஸ்

அண்ணியை நான் முதன்முதலில் பார்த்தது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். மூன்றாம் மாடியில் ஓர் அறை எடுத்துக் குடிவந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. டிசம்பர் மாதம், காலை ஆறு மணி, இன்னும் சரியாக விடியவில்லை. அன்று எனக்கு ஒரு நேர்முகத் தேர்வு. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்பதால், சட்டையில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது என்று இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். டப்பென்று ஒரு சத்தம். மாடி முழுக்க இருட்டு. முதல் வேலையாகச் சான்றிதழ் பையைத் தடவி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன், ஏதோ தீப்பிடித்துவிட்டது போல.

கதவு தட்டப்பட்டது. முழங்கை வரை மாவு அப்பிய ஓர் அம்மா நின்றிருந்தார்.

"தம்பி, இஸ்திரிப் பெட்டி போட்டீங்களா?"

ஆமாம் என்றேன்.

"பக்கத்து வீட்டுல எங்க ஓவன் ஓடுது. ரெண்டும் ஒரே லைன், சேர்ந்து ஓடாது. ஃபியூஸ் போட்டுட்டு வரேன். எட்டு நிமிஷம் பொறுங்க, ட்ரே வெளிய வந்துரும்."

எட்டு நிமிடம் கழித்துக் கையைக் கழுவிக்கொண்டு அவரே திரும்பி வந்தார். என் கையிலிருந்த சட்டையைக் கேட்காமலே வாங்கினார். முதலில் காலர், பிறகு தோள், பிறகு கை, கடைசியில் முன்பக்கம். ஒன்றரை நிமிடம்கூட ஆகியிருக்காது. இவ்வளவு வேகமா என்று வாய் பிளந்தேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் முப்பத்தோரு வருடமாக இதுதான் பிழைப்பு என்றும், இதில் வியக்க ஒன்றுமில்லை, கால்தான் வீங்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் பேரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. கட்டடம் முழுக்க அவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டது.

உண்மையில் அவர் ஒரே ஒருவருக்குத்தான் அண்ணி, அதாவது அவருடன் அதே வீட்டில் இருந்த நாத்தனாருக்கு. நாத்தனார் நாற்பது வருடம் தையல் மிஷின் மிதித்தவர். கட்டடத்துக்கு அவர் டெய்லரம்மா. அவர் வாசலில் நின்று "அண்ணீ" என்று இழுத்துக் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, நாலு மாடிக்கும் அதுவே பேராக ஒட்டிக்கொண்டது.

இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த மனிதர், ஒருவருக்குக் கணவர், மற்றவருக்கு அண்ணன், பதினோரு வருடத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆள் போன பிறகு நாத்தனாரும் அண்ணியும் ஒரே கூரையின் கீழ் ஒரு வருடம்கூடத் தாங்க மாட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பிப்போனது. டெய்லரம்மா உறவில் சிறியவர், ஆனால் வயதில் மூன்று வருடம் பெரியவர். அதனால் அண்ணி இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணி என்பார். இருவருமே விட்டுக்கொடுக்காமல் 'நீங்க' போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். 'நீ' வந்துவிட்டால் வீட்டில் புயல் என்று பொருள். பதினோரு வருடத்தில் அது மூன்று தடவைதான் வந்திருக்கிறது என்று அண்ணி எண்ணி வைத்திருந்தார்.

அந்த வீட்டின் பெரிய வேலை கிறிஸ்துமஸ் பிஸ்கட். கடையில் வாங்கும் நட்சத்திரமும் மணியும் அல்ல. கட்டடத்தில் இருக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் அந்த ஆள் மாதிரியே ஒரு பிஸ்கட். அச்சு செய்து கொடுத்தது அண்ணியின் கணவர். ஃபிட்டர் வேலைக்காரர், தகரப் பட்டையை வளைத்து மனித உருவம் செய்தார். வலது காலை வளைக்கும்போது பட்டை பற்றாமல் போய்விட்டது. அதனால் அந்த அச்சில் வெட்டிய அத்தனை பேருக்கும் வலது கால் கொஞ்சம் குட்டை. புது அச்சு வாங்கலாமே என்று யாராவது சொன்னால், "நல்லா நடக்கிறவங்க இந்தக் கட்டடத்துல யாரு இருக்கா?" என்பார் டெய்லரம்மா.

வெட்டுவது, சுடுவது அண்ணி. உருவம் கொடுப்பது டெய்லரம்மா. இரண்டாம் மாடி டீச்சருக்கு மூக்குக்கண்ணாடி, டிரைவருக்கு முறுக்கு மீசை, வாட்ச்மேனுக்குத் தொப்பி, புதிதாகப் பிறந்த குழந்தைக்கு வாயில் நிப்பிள். ஊசி பிடித்த கை என்பதால், ஐசிங் என்னும் சர்க்கரைக் குழம்பைப் பிழியும் கோனைப் பிடித்தால் கோடு நூல் மாதிரி வரும். சட்டையின் பட்டன்கள்கூட நேர்கோட்டில் இருக்கும். பட்டன் இடைவெளி தப்பினால் சட்டையே இழுத்துக்கொள்ளும் என்பார், பிஸ்கட்டுக்கு என்னவோ மூச்சுவிட இடம் வேண்டும் என்பது போல. நான் குடிவந்த முதல் வருடம் என் பிஸ்கட்டுக்குப் பட்டமளிப்புத் தொப்பி போட்டுக் கொடுத்தார்கள். சாப்பிட மனசில்லாமல் ஒரு மாதம் வைத்திருந்தேன். எறும்பு சாப்பிட்டது.

இனிச் சொல்வதெல்லாம் அவர்கள் இருவரும் பல நாள்களில் என்னிடம் சொன்னது. அண்ணி பாதியைச் சொல்வார். மீதியை டெய்லரம்மா குறுக்கே விழுந்து திருத்துவார்.

டெய்லரம்மாவின் கண்ணில் புரை விழ ஆரம்பித்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, அவரைத் தவிர. அண்ணிக்குத் தெரியவந்தது ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில். அன்று காலை டியூட்டிக்குக் கிளம்புமுன், முந்தின சாயங்காலம் காயவைத்த பிஸ்கட்டுகளின் மேல் போட்டிருந்த துணியை விலக்கினார். டீச்சரின் மூக்குக்கண்ணாடி கன்னத்தில் இருந்தது. டிரைவரின் மீசை கழுத்தில். ஒரு குழந்தைக்கு ஒரு கண் முகத்திலும் மற்றது தட்டிலும் விழுந்திருந்தது.

அண்ணி நின்றபடியே யோசித்தார். எழுப்பிக் கேட்கலாம். கேட்டால் என்ன நடக்கும் என்றும் தெரியும். நாற்பது வருடம் ஊசியில் நூல் கோத்த கண்ணைப் பற்றிக் கேட்பது, ஓட்டப்பந்தயக்காரனிடம் உன் கால் எங்கே என்று கேட்பது மாதிரி. ஆகவே கேட்கவில்லை. கத்தி முனையால் ஐசிங்கைச் சுரண்டினார், ஈரத் துணியால் ஒற்றினார், புதிதாகக் கண்ணும் மீசையும் வரைந்தார். இஸ்திரிக் கை வேறு, ஊசிக் கை வேறு. அவர் வரைந்த மீசை மழையில் நனைந்த காக்கா இறகு மாதிரி இருந்தது. இருந்தாலும் மூக்குக்குக் கீழே இருந்தது. அதுவே போதும் என்று துணியை மூடிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்றைக்குச் செய்த வேலை அன்றோடு முடியவில்லை. எண்பத்தேழு பிஸ்கட், ஐந்து நாளில் ஐந்து ஈடு. ஒவ்வொரு ஈட்டையும் டெய்லரம்மா சாயங்காலம் வரைவார், அண்ணி விடிகாலை நாலு மணிக்கு எழுந்து திருத்துவார். அடுத்த வருடமும் அதுவே. அதற்கடுத்த வருடத்துக்குள் டெய்லரம்மா முழுக்கவே கைக்கணக்கில் இறங்கிவிட்டார். இடது கட்டைவிரலால் பிஸ்கட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொள்வார், தலையிலிருந்து ஒரு விரற்கடை, தோளிலிருந்து இரண்டு என்று அளந்துகொள்வார். கோன்கள் நாலு. இடமிருந்து வலமாக வெள்ளை, சிவப்பு, பச்சை, காபி நிறம். கண், முடி, மீசை எல்லாம் காபி நிறத்தில். கழுத்துத் துண்டு பச்சை. வெள்ளையும் சிவப்பும் அவருக்கு மங்கலாகத் தெரிந்தன. பச்சையும் காபி நிறமும் ஒரே இருட்டு. எடுத்த கோனை எடுத்த இடத்திலேயே வைப்பார். அந்த வரிசையை ஒவ்வொரு நாளும் நிரப்பி அடுக்கி வைப்பது அண்ணி. எதற்காக இப்படி அடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதில்லை, இவர் கேட்டதில்லை. சொல்லாமலே ஒப்பந்தம் ஆகியிருந்தது.

இதற்கிடையில் ஒருநாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போவதாகச் சொல்லி அண்ணி அவரைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விட்டார். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, அறுவை செய்தால் பார்வை திரும்பும், ரொம்பத் தள்ளிப்போட்டால் சிக்கல் கூடும் என்றார் டாக்டர். தேதியும் கொடுத்தார். பிறகு பேச்சுக்காக, வீட்டு வேலையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டார். டெய்லரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். போன மாதம்தான் எண்பத்தேழு பிஸ்கட்டுக்குக் கண் வைத்ததாகவும், ஒன்றுகூடத் தப்பவில்லை என்றும், வேண்டுமானால் கட்டடத்தில் விசாரிக்கலாம் என்றும் சொன்னார். டாக்டர் சிரித்துக்கொண்டே அண்ணியைப் பார்த்தார். அண்ணி தரையைப் பார்த்தார். டாக்டரிடம் கடன் கேட்க வந்தவள் போல நின்றேன் என்பார் பின்னாளில்.

முதல் தேதிக்கு டெய்லரம்மாவுக்குத் தலைவலி. இரண்டாம் தேதிக்கு மழை. அவ்வளவு பெரிய மழையும் இல்லை. மூன்றாவதாக ஒரு கடிதம் வந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதி. இந்த முறையும் வராவிட்டால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போகும், அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது என்று அடியில் அச்சிட்டிருந்தது. அண்ணி அதைப் படித்துக் காட்டினார். டெய்லரம்மா பதற்றப்படவில்லை.

"அண்ணி, நான் துணி வெட்டினவ. வெட்டினா வெட்டினதுதான். மறுபடி ஒட்டினாலும் தையல் தெரியும். கண்ணு துணி இல்ல."

அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சில்லை. அண்ணி கடிதத்தை அச்சு வைக்கும் தகர டப்பாவுக்குள் போட்டு வைத்தார். கிறிஸ்துமஸ் வந்தால் டப்பாவைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அந்த டிசம்பர் அண்ணிக்கு ஒத்துவரவில்லை. சலவைக்கூடத்தில் இரண்டு பேர் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். அவர்கள் பங்கையும் சேர்த்துப் படுக்கை விரிப்புகள் இவருடைய மிஷினுக்கு வந்தன. எட்டு மணி நேரம் நின்றால் கணுக்கால் காணாமல் போகும். வீட்டுக்கு வந்து வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் குழைக்க வேண்டும், இஞ்சிப் பொடியும் பட்டைப் பொடியும் சேர்த்து மாவு பிசைய வேண்டும், அதைக் குளிரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துத் தேய்க்க வேண்டும். ஓவனின் இடது பின்மூலை மட்டும் சூடு அதிகம். அதனால் சரியாக ஆறாவது நிமிடம் ட்ரேயைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் அந்த மூலையில் இருக்கும் நாலு பேர் கருகிவிடுவார்கள். அந்த ஆறு நிமிடத்தில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று அண்ணி ஓவனுக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பார். ஒருநாள் நின்றபடியே தூங்கிவிட்டார். புகை எழுப்பியது. கருகிய நாலு பேரையும் காபியில் முக்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி மாவு தேய்த்தார்.

பிறகு நாலு மணிக்கு எழுந்து மீசை. டெய்லரம்மாவின் மூக்கும் கண்ணும் இந்த வருடம் ஏறக்குறைய எல்லாமே இடம் மாறியிருந்தன. திருத்துவது என்ற பேச்சே போய், புதிதாக வரைவதே வேலையாகிவிட்டது. அதிலும் ஒரு வேடிக்கை. போன வருடம் டிரைவர் வாசலில் வந்து நின்று, மீசை முன்ன மாதிரி இல்லையே, டெய்லரம்மாவுக்கு வயசாகுது போல என்று கிண்டலடித்துவிட்டுப் போயிருந்தார். அதற்கு டெய்லரம்மா ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. மீசை வரைந்த அண்ணியோ பாத்திரம் தேய்க்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

இருபத்துநாலாம் தேதி கடைசி ஈடு பாக்கி. இருபத்துமூன்று பிஸ்கட், நாலாம் மாடி முழுக்கவும் வாட்ச்மேனும். அவை முந்தின நாள் சுட்டு ஆறியிருந்தன. திட்டம் என்னவென்றால், டெய்லரம்மா காலையில் வரைந்து முடித்துவிடுவார், அண்ணி இரண்டு மணிக்கு டியூட்டி முடிந்து வந்து, அவர் மதியத் தூக்கத்தில் இருக்கும்போது முகங்களைச் சரிசெய்துவிடுவார், சாயங்காலம் இருவருமாகப் போய் எல்லா மாடிக்கும் கொடுப்பார்கள். அன்று விடிகாலையும் நாலு மணிக்கு எழுந்து முந்தின ஈட்டைத் திருத்தி முடித்தார். ஐந்தரைக்குக் கோன்களில் புது ஐசிங் நிரப்பினார். சர்க்கரைத்தூளும் முட்டை வெள்ளையும் கையெல்லாம் ஒட்டியிருந்தது. நிரப்பிய கோன்களை ஈரத் துணியின் மேல் வரிசையாக வைத்தார். வெள்ளை, சிவப்பு, காபி நிறம், பச்சை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மணிக்கு அவருடைய இடத்துக்கு வர வேண்டியவர் வரவில்லை. ஆறு மணி வரை நிற்கச் சொன்னார்கள். பண்டிகைக்கு முந்தின நாள், யாரைக் குறை சொல்ல. வீட்டுக்கு போன் செய்து, வர லேட்டாகும், பிஸ்கட்டை அப்படியே மூடி வைங்க, நான் வந்ததும் சேர்ந்து கொடுக்கலாம் என்றார். சரி சரி என்றார் டெய்லரம்மா.

மூடி வைக்கவில்லை. ஐந்து மணி வரை காத்திருந்தார். அதன் பிறகு, அண்ணி பாவம் காலை இழுத்துக்கொண்டு வந்து மாடி வேறு ஏற வேண்டுமா, இந்த ஒரு ஈட்டையாவது நானே கொடுத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நல்ல எண்ணம்தான். கூடையை எடுத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலாம் மாடி ஏறினார். கதவுகளை விரலால் எண்ணினார். எட்டுக் கதவு. ஒவ்வொரு கதவிலும் சிரிப்பு. வழக்கத்தைவிட அதிகச் சிரிப்பு. ஒரு வீட்டில் குழந்தைகள் உருண்டு புரண்டு சிரித்தன. டெய்லரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வருடம் கை நல்லா விழுந்திருக்கு என்று நினைத்துக்கொண்டு, எஞ்சிய ஒன்றை வாட்ச்மேனுக்குக் கொடுக்கக் கீழே வரைக்கும் இறங்கினார்.

வாட்ச்மேன் பிஸ்கட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா, நமக்கு மீசையெல்லாம் பச்சையா இருக்கு? கிளிய முழுங்கின பூனை மாதிரி இருக்கேன். அதுவும் நெத்தியில."

டெய்லரம்மா காலிக் கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, உனக்கெல்லாம் அதுதான் பொருத்தம், போன கிறிஸ்துமஸுக்குக் கதவு திறக்காம தூங்கினியே, அதுக்குத் தண்டனை என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். வாட்ச்மேன் நம்பிவிட்டார். நாலாம் மாடியும் அது டெய்லரம்மாவின் குசும்பு என்றே நினைத்தது. பச்சைத் தலைமுடி, பச்சைக் கண், காபி நிறத் துண்டு, தோளில் மூக்கு. குழந்தைகள் அதைப் போல ஒன்று இன்னும் வேண்டும் என்று அழுதனவாம்.

அண்ணி ஏழு மணிக்குப் படியேறும்போதே மேலே இருந்து வந்த ஒரு பையன் பச்சை மீசைக்காரனை ஆட்டிக் காட்டிக்கொண்டு ஓடினான். மீதிப் படிகளை நிற்காமல் ஏறினார். வீட்டுக்குள் விளக்கு போடவில்லை. டெய்லரம்மா மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கீழ் மாடிகளுக்கான பிஸ்கட்டுகள் மேல் துணி இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். அண்ணி விளக்கைப் போட்டார்.

"கோன் வரிசைய யாரு மாத்தினது?"

"நான்தான். தெரியாம. தூக்கத்துல மாத்தி வெச்சிருப்பேன்."

"அது சரி." ஒரு பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டினார். டிரைவர். "இது யாரு போட்டது? ரெண்டு அடுக்கா இருக்கு. கீழ என் கோடு. சுரண்டினது தெரியுது. மேல கட்டையா ஒண்ணு. இது என் கை இல்ல."

அண்ணி பை மாட்டிய தோளோடு நின்றுகொண்டிருந்தார்.

"எத்தன நாளா?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா," என்று டெய்லரம்மா திருப்பிச் சொன்னார். "டிரைவர் மீசையக் கிண்டல் பண்ணினானே, அது உன் மீசையா? அவனோட ஒரு வாரம் பேசாம இருந்தேன். நீ பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தே. நீயும் வேடிக்கை பார்த்தியா?"

நாலாவது 'நீ' வந்துவிட்டது. அண்ணி அதை எண்ணக்கூட இல்லை. தோள்பையைக் கீழே போட்டார். நாற்காலி இழுக்கத் தெம்பில்லை. ஓவனில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் சொல்ல வேண்டியது, கடிதத்தைக் காட்டிக் கெஞ்ச வேண்டியது, மூன்று வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை.

"எனக்கு முடியல, அக்கா," என்றார். "உன் கண்ணுக்கும் சேர்த்து நானே பார்க்கிறேன். நாலு மணிக்கு எழுந்திருக்க முடியல. அவ்வளவுதான்."

அவர் அழவில்லை. கோபமும் இல்லை. கடை சாத்துகிறவர் இன்றைக்குச் சரக்கு தீர்ந்தது என்று சொல்வது போலச் சொன்னார்.  பாவம் பார்த்துச் செய்தேன் என்று சொல்லியிருந்தால் டெய்லரம்மா நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பார். முடியல என்ற வார்த்தையோடு யார் சண்டை போட முடியும்?

கொஞ்ச நேரம் அந்த டிரைவரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு குட்டைக் காலைக் கடித்தார். மென்றுகொண்டே, நாலு மணிக்கா எழுந்தீங்க, அலாரச் சத்தமே கேட்டதில்லையே என்றார். அலாரம் வைத்தால் நீங்க முழிச்சுடுவீங்க, அதனால தூங்காமலே படுத்திருப்பேன் என்றார் அண்ணி. 'நீங்க' திரும்ப வந்துவிட்டதை இருவரும் கவனித்தார்கள். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மற்ற மாடிகளுக்கு இருவருமாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். முதல் மாடியில் ஒரு குழந்தை பச்சை மீசை ஏன் எனக்கு இல்லை என்று சண்டை போட்டது. அடுத்த வருஷம் என்று டெய்லரம்மா வாக்குக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவரே தகர டப்பாவைத் தடவித் திறந்து, அச்சுக்கு அடியில் இருந்த கடிதத்தை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். தேதியை மறுபடி படிக்கச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை போட்டார். டாக்டர் கத்தியை எடுக்கும்போது நீங்க வாசலில் நிக்கணும், தூங்கிடக் கூடாது. நின்னுக்கிட்டே தூங்கப் பழகிட்டேன், அதுக்கு உத்தரவாதம் கிடையாது என்றார் அண்ணி.

கோன் வரிசை மாறியது தற்செயலா என்று பின்னாளில் நான் அண்ணியிடம் கேட்டேன். தெரியலை தம்பி என்றார். தூக்கக் கலக்கம்தான், ஆனால் இத்தனை வருடத்தில் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டு ஒன்றைக்கூட மாற்றி அடுக்கினதில்லை, அன்னிக்கு மட்டும் ஏன் கை போச்சுன்னு எனக்கே தெரியலை என்று சொல்லிவிட்டு மாவு தேய்க்கப் போய்விட்டார்.

ஜனவரி ஒன்பதாம் தேதி வலது கண்ணுக்கு அறுவை நடந்தது. கட்டு பிரித்த அன்று டெய்லரம்மா முதலில் பார்த்தது சுவரையோ டாக்டரையோ அல்ல, எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணியை. வெகுநேரம் பார்த்தார்.

"எப்போ இவ்வளவு நரைச்சுது உங்களுக்கு?" என்றார்.

அண்ணி முந்தானையால் தலையைத் துடைத்துக்கொண்டார், மாவு ஒட்டியிருக்கிறதோ என்று பார்க்கிறவர் மாதிரி.

மார்ச் மாதம் இடது கண்ணும் முடிந்தது. டெய்லரம்மா இப்போது ஊசியில் நூல் கோக்கிறார், கட்டடத்தில் யார் சட்டைப் பட்டன் விட்டாலும் கூப்பிட்டுத் திட்டித் தைத்துக் கொடுக்கிறார். பிஸ்கட்டுக்குக் கண்ணும் மீசையும் அவரே வைக்கிறார், முதல் மாடிக் குழந்தைக்கு மட்டும் பச்சையில். அண்ணி இன்னும் அதே சலவைக்கூடத்தில் மூன்றாம் நம்பர் இஸ்திரி மிஷினில் நிற்கிறார். ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் நாலு மாதம் இருக்கிறது. கால் வீக்கம் இறங்கவில்லை. காலையில் ஐந்தேகாலுக்கு எழுகிறார்.